நரி மோந்த அவியும் சூடிய மாலையும்

அத்தையோடு கோயிலுக்குப் போனால் ஒரு சௌகரியம், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் திருப்பாவை முப்பதும் சொல்லி முடிப்பதற்குள் சந்நிதி வந்துவிடும். ஆனால் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனது ஆடிப்பூர உற்சவத்தின் ஏழாம் நாள். முப்பதும் ஆயிற்று, வாரணமாயிரமும் ஆயிற்று, வரிசை மட்டும் அப்படியே நின்றது. "நிறுத்தாதீங்க அத்தை, அடுத்த திருமொழியும் சொல்லுங்க" என்றேன். முறைத்தார். "இத்தனை பேர் நடுவுலயா?"

அடுத்தது 'கற்பூரம் நாறுமோ'. கண்ணன் வாயில் வைத்து ஊதுகிற சங்கிடம், அந்த வாய் எப்படி மணக்கும், கற்பூரம் மாதிரியா தாமரை மாதிரியா, தித்திக்குமா என்று ஒரு பெண் கேட்கிற பாட்டு. 'வாய்ச்சுவையும் நாற்றமும் விருப்புற்றுக் கேட்கின்றேன்' என்று கூசாமல் சொல்கிறாள். ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள் இருக்கின்றன, வீடுகளில் புழங்குவது கல்யாணத்தில் பாடுகிற அந்த வாரணமாயிரம் பதினொன்றுதான். மற்றதைப் பற்றிக் கேட்டால் 'அதெல்லாம் ஜீவாத்மா பரமாத்மா தத்துவம்' என்று பதில் வரும். கொங்கையென்றால் பக்தி என்று பொருள் சொல்கிற வழக்கமும் மரபில் உண்டு. அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? ஆனால் பாட்டைப் படித்துவிட்டு அந்த விளக்கத்துக்குப் போவது வேறு, பாட்டைப் படிக்காமலிருக்க அந்த விளக்கத்தைப் போர்வையாக இழுத்துக்கொள்வது வேறு.

வேடிக்கை என்னவென்றால், அத்தை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் 'குத்துவிளக்கெரிய' பாசுரத்தை உரக்கச் சொல்லியிருந்தார். நப்பின்னை கொங்கைமேல் வைத்துக் கிடந்த மலர்மார்பா என்று மார்கழிக் குளிரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுவது அதைத்தான். அதற்கும் முன்னால் சொல்கிற தனியன், அதாவது பாடியவரைப் போற்றுகிற முன் பாட்டு, பராசர பட்டர் அருளியது, அதுவே நப்பின்னையின் மார்பில் தூங்குகிற கிருஷ்ணனை எழுப்புவதில்தான் ஆரம்பிக்கிறது. பழகிப்போனதால் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

ஒருவழியாகச் சந்நிதிக்குள் போனோம். ரங்கமன்னார், ஆண்டாள், கூடவே கருடன். அவள் கையில் மரவள்ளி இலையில் தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி, மாதுளம்பூ மூக்கோடு. ஒரு நிமிஷம் பார்த்திருப்போம், நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்தோம். பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையைப் பெண் தன் தலையில் சூடி, இந்தக் கிணற்றில் அழகு பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாளாம். ஒருநாள் மாலையில் தலைமுடி இருந்ததைக் கண்டு அப்பா பதறிப்போனார், பெருமாளோ கனவில் வந்து அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த இடத்தில் நின்றபோது எனக்கு நாச்சியார் திருமொழியின் முதல் பத்துதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதில் அவள் மன்மதனிடம் பேசுகிறாள். வேள்வியில் தேவர்களுக்கென்று வைத்த அவியை, அந்தப் படையல் உணவைக் காட்டு நரி புகுந்து மோந்து பார்த்தால் எப்படியோ, அப்படித்தான் அந்த உத்தமனுக்கென்று எழுந்த என் மார்பை மானிடவர்க்கென்று பேசுவதும். அப்படிப் பேச்சு வந்தாலே உயிரோடு இருக்கமாட்டேன். ஆக, மோந்த பண்டம் கடவுளுக்கு ஆகாது என்கிற கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தவள்தான் அவனுடைய மாலையை முதலில் தன் தலையில் வைத்து, மணம் பார்த்து, அப்புறம் அனுப்புகிறாள். அந்த உடம்பே அவனுடைய பண்டம் என்றான பிறகு அது தொட்டதில் எச்சில் ஏது? உருவகம் என்று சொல்லித் தாண்டிப் போனால் இந்த முடிச்சு கண்ணில் படாது. கோயில் தாண்டிப் போகவில்லை. இன்றைக்கும் அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குப் போகிறது, சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும் போகிறது.

ஆண்களும் பெண் குரலில் பாடியிருக்கிறார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடினார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். சைவத்தில் அப்பர், முன்னம் அவன் பெயரைக் கேட்டவள் கடைசியில் தன்னையும் தன் பெயரையும் மறந்து அவன் தாளே கதியென்று போய்ச் சேருகிற கதையை ஒரே பாட்டில் முடித்துவிடுவார். மாணிக்கவாசகருக்கு அதே வேலைக்குத் திருக்கோவையாரில் நானூறு பாட்டு ஆயிற்று. இவர்களெல்லாம் அகத்திணையிலிருந்து ஒரு தலைவியின் குரலை எடுத்துக்கொண்டவர்கள். ஆண்டாளுக்கு அந்த எடுத்துக்கொள்ளல் தேவைப்படவில்லை. பள்ளமடையில் தண்ணீர் தானாகப் பாய்கிற மாதிரி என்று உரைகாரர்கள் இதைச் சொல்வார்கள்.

ஆனால் அவள் கேட்டது கிடைத்ததா? கல்யாணம் கனவில்தான் நடக்கிறது. பதின்மூன்றாவது பத்தில் அவளைத் தேற்ற வந்தவர்களிடம், புண்ணில் புளியை ஊற்றுவதுபோல் எட்ட நின்று பேசாதீர்கள், அவன் இடுப்பில் கட்டிய மஞ்சள் துணியைக் கொண்டுவந்து வீசுங்கள் என்கிறாள். கொஞ்ச நேரத்தில், பயனில்லாத இந்தக் கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறாள். கடைசிப் பத்தில் பிருந்தாவனத்தில் அவனைக் கண்டோம் என்கிறார்கள். கண்டதோடு சரி. அரங்கனோடு கலந்தது வரலாறாகச் சொல்லப்படுகிறதே தவிர, அவள் பாடவில்லை.

அந்தக் குறையை ஊர்தான் தீர்த்து வைக்கிறது என்று எனக்கு அன்று சாயங்காலம் கிருஷ்ணன் கோயிலில் தோன்றியது. ஏழாம் திருநாளன்று அங்கே சயன சேவை. ஆண்டாள் உட்கார்ந்திருக்க, அவள் மடியில் ரங்கமன்னார் சாய்ந்து படுத்திருக்கிறார். பாம்பணையில் படுத்தவர், ஆலிலையில் படுத்தவர், இன்றைக்கு இந்த ஊர்ப் பெண்ணின் மடியில். தத்துவம் யாரும் பேசவில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவருக்கென்ன, சுகமா படுத்துட்டாரு. இவளுக்குக் கால் மரத்துப் போகாதா?" என்றார். அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டார். "போகட்டும் பாட்டி, இதுக்குத்தானே அந்தப் பாடு பட்டா!"