நாற்பத்தொன்பதாவது நாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். இந்த ஊரில் கட்டிங் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று துணி வெட்டுவது. இன்னொன்று, ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டு ஆளுக்கு 90 மில்லி ஊற்றிக்கொள்வது. மாஸ்டர் ரெண்டிலும் கில்லாடி என்று செக்கிங் டேபிள் பெண்கள்கூடக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சனிக்கிழமை ராத்திரி சம்பளம். கவரை வாங்க மனைவி கேட்டில் வந்து நிற்பாள். நான் பின்பக்கமாகப் போய்விடுவேன். எல்லாக் குடிகாரர் வீட்டிலும் உள்ள கதைதான், நீட்டவில்லை. சொல்ல வந்தது என்னுடைய 48 நாளைப் பற்றி.

ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொட மாட்டேன். முதல் நாலைந்து நாள் கை நடுங்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும். விரதம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவேன். யாராவது "நீ குடிக்கு அடிமையாயிட்டே" என்றால் இந்த 48 நாளைத்தான் எடுத்து நீட்டுவேன். அடிமையால் இப்படி இருக்க முடியுமா? மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று, பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். கடைசி இரண்டு வருடம் மாலையே போடவில்லை. ஷிப்மெண்ட் நேரம், வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன். நிஜத்தில் பயம்.

2018-ல் ஒரு தடவை குடித்த அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியாக எடுத்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்த பொடியை மனைவி எனக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்திருக்கிறாள். அதில் என்ன இருந்தது என்று தெரியாது. பிற்பாடு ஒரு டாக்டர், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து இப்படி விற்பவர்கள் உண்டு, ஆளுக்குத் தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அவளை நான் திட்டவில்லை. வெளியில் சாப்பிட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 24 மாலை 6 மணியோடு கடைகளை மூடினார்கள். பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டு குவார்ட்டர் மறுநாள் இரவோடு தீர்ந்தது. 26 காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. 27 ராத்திரி நடந்தது எனக்கு ஞாபகமில்லை, மனைவி சொல்லித்தான் தெரியும். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு இல்லாத துணியை விரித்தேனாம். அடுக்கடுக்காக லே போட்டு, சாக்பீஸால் கோடு இழுத்து, மிஷினைத் தள்ளித் தள்ளி வெட்டினேனாம். விடியும்வரை. "சைஸ் மாறிப்போச்சு, சைஸ் மாறிப்போச்சு" என்று அவளிடம் சண்டை வேறு.

108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலோடு கையைக் கட்டி வைத்து, தயமின் என்கிற வைட்டமின் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இப்படிப் பிதற்றலும் வரலாம், வீட்டில் வைத்துச் சமாளிக்கிற விஷயமே இல்லை என்று டாக்டர் சொன்னார். தொழில் செய்வதுபோலவே கை கால் ஆட்டுவதை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்களாம்.

இவ்வளவு பட்டவன் திருந்தியிருக்க வேண்டும்தானே? மே 7-ஆம் தேதி கடை திறந்தது. குடை கொண்டு வந்தால்தான் சரக்கு என்று எங்கள் ஊரில் உத்தரவு. மகளுடைய பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். 40 நாள் நிறுத்தினவன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவேன் என்ற அதே கணக்கு.

2021 ஜனவரியில் மைத்துனர் கோயம்புத்தூர்ப் பக்கம் குடியை நிறுத்த வைக்கும் ஒரு மையத்தில் சேர்த்தார். 30 நாள். அங்கே ஒரு சாயங்காலம் ஏ.ஏ. கூட்டத்துக்காரர்கள் வந்தார்கள். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் அமைப்பு. 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு சர்ஜனும், இரண்டு குடிகாரர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்ததாம். கட்டணம் கிடையாது, ஊர் பேர் கேட்பது கிடையாது. "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டு அவரவர் கதையைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பதிலுக்கு என் 48 நாள் பெருமையை எடுத்துவிட்டேன். லாரி ஓட்டிய ஒரு பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"சரிங்க தம்பி. நாப்பத்தொம்பதாவது நாளு எங்கீங்க இருப்பீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

மாலைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளைப் பார்த்துக்கொண்டேதான் நான் குடிக்காமல் இருந்திருக்கிறேன். இவர்கள் சொன்னதில் கடைசி நாள் என்பதே இல்லை. இன்றைக்கு மட்டும் முதல் கிளாஸைத் தொடாதே என்கிறார்கள். நாளைக்கும் அதையே சொல்வார்கள். கேட்கவே கடுப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் டைசல்ஃபிராம் ஆரம்பித்தார்கள், இந்த முறை என் கையெழுத்தோடு. சாராயம் கலந்த இருமல் டானிக் கூடாது, ஷேவிங் லோஷன் கூடாது. நிறுத்தினாலும் வீரியம் போக இரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் எச்சரித்தார். அதை நான் கணக்காக எடுத்துக்கொண்டேன். தீபாவளி போனஸ் வரும் நாளிலிருந்து பின்னால் எண்ணி, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்ப ஆரம்பித்தேன். கட்டிங் மாஸ்டர் இல்லையா, அளவு பிசகாது. அந்தத் தீபாவளிக்கு ஒன்பது நாள் விடாமல் குடித்தேன்.

பத்தாவது நாள் அந்தப் பெரியவருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சாப்ட்டீங்களா?" என்றார். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஊசி. அப்புறம் ஒரு ஸ்கூல் வகுப்பறையில் நடக்கும் கூட்டத்துக்குத் தினமும் போனேன். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்த வார்த்தையை முதல் முறையாகச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆள் பேச ஆரம்பித்தார்.

பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் வரும்போது ஜாக்கிரதை என்பார்கள். எனக்குப் பசிதான். சாயங்காலம் ஆறு மணிக்கு வயிறு காலியாக இருந்தால் கால் தானாக அந்தச் சந்துப் பக்கம் திரும்பும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும்.

2021 நவம்பர் 13-க்கு அப்புறம் தொடவில்லை. மாலையும் போடவில்லை. குருசாமி இன்னும் கூப்பிடுகிறார், பார்க்கலாம் சாமி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மனைவி இப்போது கேட்டுக்கு வருவதில்லை. ஆனால் நான் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தண்ணீர்ச் செம்போடு என் முகத்துக்குக் கிட்டே வந்துதான் நீட்டுவாள். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் செம்பை வாங்கிக்கொள்வேன்.