டார்ட்ஃபோர்ட், இரண்டாம் நடைமேடை

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தி வீட்டில் நான் தங்கியது ஒன்பது நாள். அதில் மூன்று நாளை அந்தக் குழுவுக்கே கொடுத்துவிட்டேன் என்ற வருத்தம் சித்திக்கு இன்னும் தீரவில்லை. முதல் நாள் காலை என் கறுப்புச் சட்டையில் இருந்த சிவந்த உதட்டையும் நீண்ட நாக்கையும் பார்த்து, "இதென்ன, காளியம்மன் நாக்கா?" என்று கேட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் சின்னம் என்றேன். "முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்த மெலிந்த கிழவர் இன்னுமா ஆடுகிறார்?" என்றார்.

ஆடுகிறார். மிக் ஜாகருக்கு அப்போது எண்பது வயது முடிந்திருந்தது. கீத் ரிச்சர்ட்ஸுக்கு எண்பதாக இரண்டு மாதம் பாக்கி. ரானி வுட் எழுபத்தாறு வயதுச் சிறுவர். இந்த மூவரும் 2023 அக்டோபர் 20 அன்று 'ஹாக்னி டைமண்ட்ஸ்' என்ற புதிய ஆல்பத்தை வெளியிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் நான் விமான டிக்கெட்டின் தேதியை மாற்றினேன். 2016-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸில் பழைய பாடல்களை மட்டும் பாடி ஓர் ஆல்பம் தந்தார்கள். சொந்தப் பாடல்கள் என்று பார்த்தால் 2005-க்குப் பிறகு இதுதான். பதினெட்டு வருடம்! நடுவில், 2021 ஆகஸ்டில், டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் இறந்துபோனார். இனி இந்தக் குழு வாயைத் திறக்காது என்று நானே நாலு பேரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

ஆல்பத்தின் பெயரில் கிழக்கு லண்டன் பகுதியான ஹாக்னி இருக்கிறதே, முதலில் அங்கே போய்விடுவோம் என்று வியாழக்கிழமை கிளம்பினேன். ஹாக்னி வைரம் என்றால் ஏதோ நகைக்கடைப் பொருள் என்று எண்ண வேண்டாம். காரின் கண்ணாடியை எவனாவது உடைத்துவிட்டுப் போன பிறகு சாலையில் மின்னிக்கொண்டு கிடக்குமே, அந்தச் சில்லுகளுக்கு லண்டன்காரர்கள் வைத்த செல்லப் பெயர் அது. ஆகஸ்டில் உள்ளூர்ப் பத்திரிகையான 'ஹாக்னி கெஸட்'டில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. கண்ணாடி பழுதுபார்க்கும் கடை, தொடங்கிய ஆண்டு 1962 என்று போட்டிருந்தது. 1962 குழு தொடங்கிய ஆண்டு. ரசிகர்களுக்கு அது போதாதா? அன்று இரவே உலகம் முழுவதும் விஷயம் பரவிவிட்டது. செப்டம்பர் 6 அன்று மேர் தெருவில் உள்ள ஹாக்னி எம்பயர் அரங்கில் மூவரும் உட்கார்ந்து ஆல்பத்தை அறிவித்தார்கள்.

நான் போன நேரத்தில் அரங்கம் பூட்டியிருந்தது. 1901-இல் திறந்த கட்டடம். சார்லி சாப்ளின் சினிமாவுக்குப் போகும் முன்பு மேடையேறிய இடங்களில் ஒன்று. எதிர்ப்பக்கம் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு பஸ், இரண்டு பஸ், மூன்று பஸ். சாலையில் ஒரு வைரம் கூட இல்லை. ஹாக்னி திருந்திவிட்டது போலிருக்கிறது. இந்தப் பகுதியைப் பற்றி வேறு சொல்ல எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, ஆல்பம் வெளியாகும் நாள். மழை. தட்டை வாங்க மத்திய லண்டனில் உள்ள பெர்விக் தெருவுக்குப் போனேன். ஒயாசிஸ் குழு 1995-இல் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்து கடப்பார்களே, அந்தத் தெரு. இன்னும் சில இசைத்தட்டுக் கடைகள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் சேர்ந்த வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். குடை கொண்டுவந்தவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் நனைவதை ஒரு தகுதியாகவே கருதினார்கள்.

எனக்கு நேர்முன்னால் நின்றவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்த பெரியவர். என் சட்டையைப் பார்த்ததும் சிரித்தார். சும்மா பேச்சுக்கு, சித்தி காளியம்மன் நாக்கா என்று கேட்டதைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "உன் சித்தி சொன்னது சரி" என்றார்.

அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. 1970-இல் ஜான் பாஷ் என்ற கலைக் கல்லூரி மாணவரை அழைத்த ஜாகர், நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் காளி படம் ஒன்றைக் காட்டினாராம். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த உதடும் நாக்கும். மாணவருக்குக் கிடைத்த கூலி ஐம்பது பவுண்டு. அவர் வரைந்த மூலப்படத்தை 2008-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு சித்தியிடம் இதைச் சொன்னபோது அவர் துளியும் வியக்கவில்லை. "பார்த்தாலே தெரிகிறதே" என்றார்.

கடை திறந்தது. உள்ளே ஏற்கெனவே முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு ஒரு மாதத்துக்கு முன்பே தனியாக வெளிவந்துவிட்டதால் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் அந்த கிட்டார் வெட்டு கடையின் ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து அறைந்தபோது வரிசை முழுவதும் தலையாட்டியது. ஒரே பாட்டை வீட்டில் தனியாகக் கேட்பதற்கும், முன்பின் தெரியாத இருபது பேர் அதே இடத்தில் அதே நொடியில் புருவத்தை உயர்த்துவதைப் பார்த்துக்கொண்டு கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கல்யாண வீட்டுக் கச்சேரியில் நல்ல சங்கதி விழும்போது முன்வரிசையில் நாலு தலை ஒன்றாக அசையுமே, அது மாதிரி.

நாங்கள் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகவில்லை. கடைக்காரரும் போகச் சொல்லவில்லை. மொத்தம் பன்னிரண்டு பாட்டு, நாற்பத்தெட்டு நிமிடம். நின்றபடியே கேட்டோம். பேச்சு பாட்டுக்குப் பாட்டு சூடேறியது. நாலாவது பாட்டில் உறுமுகிற பேஸ் கிட்டார் பால் மெக்கார்ட்னியுடையது என்று ஒருவர் அறிவித்தார். அறுபதுகளில் பீட்டில்ஸா ஸ்டோன்ஸா என்று கட்சி கட்டிச் சண்டை போட்டவர்கள் இதைக் கேட்க வேண்டும். எண்பத்தொரு வயது பீட்டில் ஒருவர் எதிர்முகாமில் வந்து இப்படிக் குதூகலமாகச் சத்தம் போடுகிறார்! அம்மாவோடு வந்திருந்த பதினாறு வயதுப் பெண் பதினோராவது பாட்டுக்காகவே காத்திருந்தாள். அதில் லேடி காகா பாடுகிறார், ஸ்டீவி வொண்டர் கீபோர்டு வாசிக்கிறார். ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் அந்தப் பாட்டு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது மறுபடி மெல்லக் கிளம்பி ஏறும். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா மகளைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு எல்லாமே பிடித்ததா என்றால், இல்லை. மூன்றாவது பாட்டில் சர்க்கரை தூக்கல். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் இளைஞர், ஒலியைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறார். இவர்களின் பழைய ஆல்பங்களில் கதவு கிரீச்சிடுவது போன்ற ஓர் ஓரம் இருக்கும். இதில் பல இடங்களில் அது இல்லை. இதைச் சொன்னவுடன் கடையில் பாதிப்பேர் என்மேல் பாய்ந்தார்கள். பெரியவர் மட்டும் என் பக்கம்.

அவர்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினார். பெரும்பாலான பாட்டுகளில் டிரம்ஸ் வாசிப்பவர் ஸ்டீவ் ஜோர்டன். சார்லி இறப்பதற்கு முன் பதிவு செய்து வைத்திருந்தவை இரண்டு பாட்டுகளில் இருக்கின்றன. "அட்டையைப் பார்க்காமல் எந்த இரண்டு என்று சொல், பார்ப்போம்" என்றார்.

ஏழாவது பாட்டு வந்தது. நடனத்துக்கு இழுக்கும் தாளம். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எட்டாவது பாட்டின் முதல் அடி விழுந்ததும் சந்தேகம் போய்விட்டது. சார்லியிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. இடது கை ஸ்நேர் என்ற சிறிய டிரம்மில் விழும்போது வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டை அடிக்காமல் சற்று மேலே தூக்கி நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு சின்ன மூச்சு விடுவது போல இடைவெளி உண்டாகும். மற்ற டிரம்மர்கள் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். இவர் அதை அப்படியே விட்டுவைப்பார். அந்த எட்டாவது பாட்டில் இன்னொரு கூடுதல்: 1993-இல் குழுவைவிட்டு விலகிய பில் வைமன் அதில் பேஸ் வாசித்திருக்கிறார். பியானோ எல்டன் ஜான். அதாவது இறந்தவர் ஒருவர், விலகியவர் ஒருவர், இருப்பவர்கள் மூவர், விருந்தாளி ஒருவர். ஏதோ பழைய வீட்டில் எல்லோரும் கூடிவிட்டது மாதிரி இருந்தது.

பெரியவர் எதுவும் பேசவில்லை. 1969 ஜூலை 5 அன்று ஹைட் பூங்காவில் நடந்த இலவசக் கச்சேரியில் அவர் இருந்தாராம். குழுவை உருவாக்கிய பிரையன் ஜோன்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. ஜாகர் மேடையில் கவிதை படித்தார், பெட்டிகளைத் திறந்து வெள்ளைப் பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். "பாதிப் பூச்சிகள் பெட்டிக்குள்ளேயே செத்திருந்தன" என்றார் பெரியவர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. இதைச் சொல்லும்போது அவர் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் முகத்தைச் சுளித்தாள்.

கடைசிப் பாட்டு வேறு உலகம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஜாகரின் குரலும் ஹார்மோனிகாவும், ரிச்சர்ட்ஸின் கிட்டாரும் மட்டுமே. 1950-இல் அமெரிக்கப் பாடகர் மடி வாட்டர்ஸ் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. இந்தக் குழுவுக்குப் பெயர் கொடுத்த பாட்டும் அதுவே. கீத் சொல்லும் கதைப்படி, பிரையன் ஜோன்ஸ் கச்சேரி விளம்பரத்துக்காகப் பத்திரிகைக்குத் தொலைபேசினார். குழுவின் பெயர் என்ன என்று அவர்கள் கேட்க, தரையில் கிடந்த மடி வாட்டர்ஸ் தட்டில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டார். அறுபது வருடமாக அந்தப் பெயரில் வாழ்ந்தும் அந்தப் பாட்டை அவர்கள் எந்த ஆல்பத்திலும் பதிவு செய்யவில்லை. இப்போதுதான் செய்திருக்கிறார்கள். பளபளப்பைப் பற்றிய என் குறையை அந்தப் பாட்டு வரை நீட்ட முடியவில்லை. அதில் கதவு கிரீச்சிடுகிறது.

"நாளை டார்ட்ஃபோர்ட் போகிறேன், வருகிறாயா?" என்று கேட்டார் பெரியவர்.

சனிக்கிழமை லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். நாங்கள் பிடிக்க வேண்டிய வண்டி ரத்து. அடுத்தது இருபத்தைந்து நிமிடம் தாமதம். எந்த ரயில் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கும். ஜாகரும் கீத்தும் வளர்ந்த ஊரான டார்ட்ஃபோர்டுக்கு மூன்று வழிகள் உண்டு. சிட்கப் வழியாகப் போகும் வண்டிதான் வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நின்றார். கீத் படித்த கலைக் கல்லூரி சிட்கப்பில் இருந்தது.

1961 அக்டோபர் 17. டார்ட்ஃபோர்ட் நிலையம். லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போகும் மிக் ஜாகரும் சிட்கப்புக்குப் போகும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்திக்கிறார்கள். ஒரே தொடக்கப்பள்ளியில் படித்து, பிறகு தொடர்பு விட்டுப்போனவர்கள். ஜாகரின் கக்கத்தில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் தட்டு ஒன்று, மடி வாட்டர்ஸ் தட்டு ஒன்று. இங்கிலாந்தில் அவை எளிதில் கிடைக்காத காலம். கீத்தின் கண் ஜாகரை விடத் தட்டுகளின் மேல்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். அந்த மடி வாட்டர்ஸில் தொடங்கியவர்கள் அறுபத்திரண்டு வருடம் கழித்து மடி வாட்டர்ஸில் ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள்.

ஊருக்குள் முதலில் போனோம். கடைத்தெருவில் இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏமி குட்மன் என்ற சிற்பி செய்தது. ஜாகர் உடலை வெட்டி இழுத்துக்கொண்டு நிற்கிறார், கீத் கிட்டாரோடு வளைகிறார். படம் எடுத்துக்கொண்டோம். உயிரோடு இருப்பவர்களின் சிலை என்றால் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். சீக்கிரமே நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நடைமேடையில் அந்தச் சந்திப்புக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 2015-இல் அதை வைத்தபோது பில் வைமன் கோபப்பட்டார். குழுவை உருவாக்கியவர் பிரையன் ஜோன்ஸ், இவர்கள் இருவரும் சேர்ந்தவர்கள்தான் என்றார். நியாயம்தான். பெரியவரும் வைமன் கட்சி. ஆனாலும் பலகையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

என் கையில் முந்தின நாள் வாங்கிய இசைத்தட்டு, மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி. சித்தி வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. எனக்கும் கிடையாது. விலையை இங்கே எழுதினால் சித்தி படித்துவிடுவார்.

"பையிலிருந்து எடு" என்றார் பெரியவர். "அட்டை வெளியே தெரியும்படி கக்கத்தில் வைத்துக்கொண்டு நில்."

வெட்கமாக இருந்தது. நின்றேன். ஒரு வண்டி வந்தது, போனது. காலணிகளைப் பார்த்தபடி மக்கள் இறங்கிப் போனார்கள். இன்னொரு வண்டி வந்தது, போனது. ஒருவரும் திரும்பவில்லை. நான் மெதுவாகப் பையை விரிக்கத் தொடங்கியபோது, நடைமேடையைப் பெருக்கிக்கொண்டு வந்த ஊழியர் துடைப்பத்தை நிறுத்தினார். நாற்பது வயது இருக்கலாம். அட்டையில் கத்தி குத்தி உடைந்த கண்ணாடி இதயத்தைப் பார்த்தார்.

"சார்லி எத்தனை பாட்டில் இருக்கிறார்?" என்று கேட்டார்.

"இரண்டு" என்றோம் இருவரும்.

"எனக்கு எட்டாவது மட்டும்தான் பிடிபட்டது."

பெரியவர் காதொலிக் கருவியின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து, இன்னொன்றை என்னிடம் நீட்டினார். என் கைப்பேசியில் ஏழாவது பாட்டைத் தேடினேன். லண்டன் வண்டி வந்து கதவைத் திறந்தது. பெரியவர் போகட்டும் என்று கையசைத்தார்.