ரத்தம் நல்லா இருக்கே, கை ஏன் வீங்குது?

போன சனிக்கிழமை ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது லேபில் கூட்டம். நான் சொன்ன அரைகுறைப் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் ஒரு வாரமாக மனசு ஆறவில்லை. அவருக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஒரு சின்ன லேபில் 11 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்த அக்கா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். அவருடைய மாமனாருக்குச் சளியில் டிபி கிருமி இருப்பது தெரிந்ததும், வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அவருடைய 6 வயதுப் பையனுக்கு மான்டூ டெஸ்ட் (டிபி கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது), ரத்தப் பரிசோதனை இரண்டும் எழுதியிருந்தது. வியாழக்கிழமை காலை பையனின் முன்கையில் 0.1 மில்லி ட்யூபர்குலின் என்ற, டிபி கிருமியின் புரதம் கலந்த மருந்தைத் தோலுக்குள் ஏற்றினேன். சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பியது.

"இப்பவே பாத்துச் சொல்லிருங்க தம்பி. சனிக்கிழமையும் வரணும்னா இன்னொரு நாள் கூலி போயிரும்" என்றார். 48 மணி நேரம் ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ரத்த ரிப்போர்ட்டை அன்று சாயங்காலமே கொடுத்தாயிற்று. வெள்ளையணு 9,200, எல்லாம் அளவோடு இருந்தது. சனிக்கிழமை வந்தால் பையன் கையில் கெட்டியாக ஒரு வீக்கம். பயந்துபோய்த்தான் அப்படிக் கேட்டார்.

எங்கள் ஊரில் விடியலுக்கு முன் எழுகிறவர்களுக்கு ஜீப் சத்தம் பழக்கம். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கி ஏறுவார்கள். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களில் ஆங்காங்கே இறங்கிக்கொள்வார்கள். பகல் 11 மணிக்குக் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் நின்று தலை எண்ணினால், தோட்டத்தில் எத்தனை பேர் காய் எடுக்கிறார்கள் என்ற கணக்கு கிடைக்காது. ரோடு காலியாகத்தான் இருக்கும். நான் ஊசியில் இழுக்கும் 2 மில்லி ரத்தமும் அந்த ரோடுதான். வெள்ளையணுக்களில் ஒரு வகை லிம்போசைட். உடம்பில் உள்ள லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுகிறது. மற்றவை நெறிகளில், மண்ணீரலில், எலும்பு மஜ்ஜையில், குடல் சுவரில், தோலில் இருக்கின்றன. நெறி என்று நான் சொல்வது, காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டிக்கொள்கிறதே, அதேதான்.

இந்தச் செல்கள் ரத்தத்துக்கு வந்து அங்கேயே சாகின்றன என்றுதான் ஒரு காலத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். 1950களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளின் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்து நிணநீரை, அதாவது திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்பும் நீரை, வெளியே வடித்துப் பார்த்தார். சில நாளில் லிம்போசைட் எண்ணிக்கை சரிந்தது. வடித்த செல்களையே திரும்ப ரத்தத்தில் ஏற்றியபோது சரியவில்லை. அதே செல்கள்தான் ரத்தத்திலிருந்து நெறிக்கு, நெறியிலிருந்து நிணநீர் வழியாக மறுபடி ரத்தத்துக்கு என்று சுற்றி வருகின்றன.

சரி, ஓடுகிற ரத்தத்திலிருந்து ஒரு செல் எப்படிச் சரியான இடத்தில் இறங்குகிறது? எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இது. ஓர் இடத்தில் தொந்தரவு வந்ததும் அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாயின் உள்சுவர் செலெக்டின் என்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகிறது. வெள்ளையணு அதில் பட்டுப் பட்டு வேகம் குறைந்து சுவரோடு உருள ஆரம்பிக்கிறது. உருளும்போது சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற சமிக்ஞை அதற்குக் கிடைக்கிறது. கிடைத்ததும் செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் விறைத்துச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடுக்கு வழியே திசுவுக்குள் நுழைந்துவிடுகிறது. யூலியஸ் கோன்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1867இலேயே உயிருள்ள தவளையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, வெள்ளையணுக்கள் குழாயை விட்டு வெளியேறுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

பிறவியிலேயே இன்டெக்ரினில் கோளாறு உள்ள குழந்தைகள் அபூர்வமாக உண்டு. தொப்புள்கொடி விழவே நாளாகும். ரத்தத்தில் வெள்ளையணு எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. அத்தனை அணுக்கள் இருந்தும் ஒன்றாலும் இறங்க முடியவில்லை. இதை முதலில் படித்த அன்று எண்ணிக்கை என்ற சொல்லின் மேலேயே எனக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அன்றாடம் எண்ணி எழுதுகிறவன் நான்.

எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதும் கற்றுக்கொள்வதுதான். குடல் பக்கத்து நெறியில் பழகிய டி செல் (லிம்போசைட்டில் ஒரு வகை), குடலுக்கான முகவரியோடு வருகிறது. அந்த முகவரியை எழுத வைட்டமின் ஏ வேண்டும். நாம் தின்னும் முருங்கைக்கீரையில் இருக்கிற சத்து உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது, குடலில் கிருமியைப் பிடித்து மற்ற செல்களுக்குக் காட்டும் டெண்ட்ரிடிக் செல்கள் அதை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி டி செல்லுக்குக் கொடுக்கின்றன. உடனே அதன் மேல் ஆல்ஃபா-4 பீட்டா-7 என்ற இன்டெக்ரின் முளைக்கிறது. குடலின் ரத்தக்குழாய் அதைத்தான் பிடித்து இறக்குகிறது. குடல் அழற்சி நோய்களுக்கு 2014இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற வெடோலிசுமாப் மருந்து, இந்த ஒரு பிடியை மட்டும் மறைத்துவிடும். தோலுக்குப் போகும் செல்களுக்கு வேறு அடையாளம் இருக்கிறது.

பையன் கைக்கு வருகிறேன். டிபி கிருமியை முன்பே சந்தித்த டி செல்கள் அவன் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, மிகக் கொஞ்சமாக. ரத்தத்தில் அவற்றைத் தனியே என்னால் எண்ண முடியாது. தோலுக்குள் ட்யூபர்குலின் போனதும் அங்கே உள்ள செல்கள் அதை எடுத்துக் காட்டுகின்றன, குழாய்ச் சுவர் ஒட்டத் தயாராகிறது, சுற்றி வந்த டி செல்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அவை குரல் கொடுத்து கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களையும் வரவழைக்கின்றன. இவ்வளவும் கூடித் தடிப்பாக 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கிறது. அந்த அக்கா இழந்த ஒரு நாள் கூலிக்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய காரணம் இதுதான்.

சிவப்பை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. கெட்டித் தடிப்பைத்தான் அளப்போம், அதுவும் கைக்குக் குறுக்காக. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "பாசிட்டிவா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விரல் வைத்துத் தடவாமல் சொல்லவே முடியாது. தடிப்பே வராத கை என்றால் நிம்மதி என்றும் இல்லை. உடம்பு ரொம்ப இளைத்துச் சத்தில்லாத பிள்ளைக்கு, கிருமி உள்ளே இருந்தும் கை சும்மா இருக்கலாம்.

பால்பாயின்ட் பேனாவை இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக இழுத்து, தட்டி நிற்கும் இடத்தில் கோடு போட்டேன். 14 மில்லிமீட்டர். இதனால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கிருமி உள்ளே வந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சொல்வார் என்று அக்காவிடம் சொன்னேன். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த பையன், "இது போயிருமா?" என்று கேட்டான்.

"வீக்கம் கொஞ்ச நாள்ல அமுங்கிரும். வந்ததுல சிலது மட்டும் அங்கயே தங்கிக்கும்" என்றேன். சட்டைக் கையை இறக்கிவிடாமல், கோட்டுக்கு நடுவில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே போனான்.