கண்ணாடியில் ஒட்ட மறுத்த தங்கம்

கண்ணாடியில் தங்க நானோதுகள்களை (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகள்களை) ஒட்டவைப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அதற்கான தங்க உப்பான தங்க குளோரைடு புட்டியை முதன்முதலாகத் திறந்த அன்று, பழக்கதோஷத்தில் எவர்சில்வர் ஸ்பாட்டுலாவை (பொடி அள்ளும் சிறு கரண்டியை) உள்ளே விட்டேன். நுனி கருத்துப்போனது. "டேய், அது ஸ்டீலையே தின்னுடும், பிளாஸ்டிக்ல எடு!" என்று சீனியர் அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும் என்பதால் எடை பார்ப்பதும் ஓட்டம்தான்.

தங்கத் துகள் செய்வது சமையல் மாதிரி. 1951-இல் வேதியியலாளர் டர்கெவிச்சின் குழு வெளியிட்ட சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) முறை. தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் கழுவிய குடுவையில் 100 மி.லி. நீர், 39 மில்லிகிராம் தங்க உப்பு. தளதளவெனக் கொதிக்கையில் 10 மி.லி. சிட்ரேட் கரைசலை ஒரேயடியாக ஊற்றினேன். மஞ்சள் வெளுத்தது, பிறகு சாம்பல், பிறகு மை கரைத்த மாதிரி கருப்பு. கெட்டுப்போச்சு என்று ஹீட்டரை அணைக்கப் போனேன். "கைய வைக்காத, பொறு" என்றார் அக்கா. சில நிமிடங்களில் நாவல்பழ நிறம் வந்து, மாதுளைச் சாறாகத் தெளிந்தது. 520 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை அது விழுங்கிக்கொள்வதால் நமக்குச் சிவப்பு.

கண்ணாடிதான் பாடாய்ப் படுத்தியது. சும்மா சொட்டு விட்டுக் காயவைத்தேன். ஓரத்தில் காபிக் கறை போல வளையம், தண்ணீர் பட்டதும் போயே போச்சு. சிட்ரேட் போர்த்திய துகளும் எதிர்மின், கண்ணாடியும் எதிர்மின், எப்படி ஒட்டும்? நடுவே பசை மாதிரி, ஒரு முனையில் கண்ணாடியைப் பற்றி, மறுமுனையில் நேர்மின் ஏற்கும் அமின் உள்ள சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தைப் பூச வேண்டும். எங்கள் பேச்சில் 'ஆப்டெஸ்'. எத்தனாலில் கலந்து, கண்ணாடியை முக்கி எடுத்து, 110 டிகிரி சூட்டடுப்பில் வைத்து, ராத்திரி முழுக்கத் தங்கக் கரைசலில் ஊறவிட்டேன்.

காலையில் வந்தால் ஜாடி முழுக்க நீலம், அடியில் கருப்பு வண்டல். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1857 வாக்கில் செய்த தங்கக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் சிவப்பாக இருக்கிறதாம். என்னுடையது ஒரு ராத்திரி தாங்கவில்லை. காரணம் அற்பம். ஒட்டாமல் மிஞ்சிய ஆப்டெஸை நான் சரியாக அலசவில்லை. அது கரைசலில் இறங்கி, துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டது.

அடுத்த முறை எத்தனாலில் மூன்று தரம், பிறகு நீரில் அலசினேன். மறுநாள் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வெளிர் ரோஜா நிறம், இரு பக்கமும். குழாயடியில் காட்டினேன், அசையவில்லை. சிலேன் பூசுமுன் கையுறையில்லாமல் பிடித்த மூலையில் மட்டும் என் கட்டைவிரல் ரேகை, நிறமேறாமல் வெள்ளையாக.