வெள்ளி கொட்டிய நாட்டில் கடனாளியான சிகிஸ்முண்ட்

அந்தக் காலத்து ஜெர்மன் பிரபுக்களில் வருமானத்துக்கு வழியில்லாமல் நிலத்தை அடகு வைத்து, கோட்டையை விற்று ஓய்ந்துபோனவர்கள் நிறைய உண்டு. ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டைரோலை ஆண்ட சிகிஸ்முண்ட் அந்த வகையில் சேரமாட்டார். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்காரரான இவர் 1446-இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார், இவர் காலத்தில்தான் டைரோலில் இருந்த ஷ்வாட்ஸ் ஊர்ச் சுரங்கங்களில் வெள்ளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்படிப்பட்டவர் எப்படிக் கடைசியில் நாட்டையே விட்டுக்கொடுத்தார்? இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

1477-இல் நாணயசாலையை மெரானோவிலிருந்து, சுரங்கங்களுக்கு அருகில் இருந்த ஹால் ஊருக்கு மாற்றினார். நல்ல முடிவு. 1486-இல் அங்கே அடித்த குல்டினர் என்ற பெரிய வெள்ளி நாணயத்தின் படம் கிடைத்தால் பாருங்கள்: ஒரு பக்கம் கவசமும் செங்கோலுமாக நிற்கும் சிகிஸ்முண்ட், மறுபக்கம் குதிரைமேல் பாயும் வீரன், சுற்றிலும் வரிசையாகக் குலச் சின்னங்கள். கிட்டத்தட்ட 32 கிராம் எடை, மதிப்பில் அன்றைய தங்க நாணயமான குல்டன் ஒன்றுக்குச் சமம். அவ்வளவு அழகான காசை அடித்த வருடத்தில் அவர் ஏற்கெனவே கடன்காரர்களின் பிடியில் இருந்தார்.

செலவு அப்படி. டைரோலின் தெற்கே போட்ஸன் ஊர் அருகே ஒரு பழைய கோட்டையை வாங்கி, பீரங்கியைத் தாங்கும் தடித்த சுவர்களோடு சிக்மண்ட்ஸ்க்ரோன் என்று தன் பெயரிலேயே எழுப்பினார். வேட்டைக்காகக் கட்டியவற்றுக்கும் தன் பெயர்தான். 1469-லேயே அல்சாஸ் பக்கத்து நிலங்களை 50,000 குல்டனுக்கு பர்கண்டி பிரபு சார்லஸிடம் அடகு வைத்திருந்தார்.

ஆனால் என் கணக்கில் அவரைக் கவிழ்த்தது கோட்டைகள் இல்லை, வட்டிக்குப் பணம் கொடுத்த வணிகக் குடும்பமான ஃபுக்கரோடு போட்ட ஒப்பந்தங்கள்தான். சுரங்கக்காரர்கள் எடுக்கும் வெள்ளியைச் சந்தை விலையைவிடக் குறைத்து வாங்கும் உரிமை ஆட்சியாளருக்கு இருந்தது, அந்த வித்தியாசம்தான் அவருடைய லாபம். ஜெர்மன் நகரமான ஆக்ஸ்பர்கைச் சேர்ந்த ஃபுக்கர் குடும்பம் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடன் தீரும்வரை அந்த வெள்ளியையே எழுதி வாங்கிக்கொண்டது. விளைவதற்கு முன்பே பயிரை விற்ற கதைதான். 1488-இல் மட்டும் 1,50,000 குல்டன் கடன்.

இதற்கு நடுவில் 1487-இல் வெனிஸோடு தேவையே இல்லாத ஒரு போர் வேறு. போட்ஸன் சந்தைக்கு வந்திருந்த வெனிஸ் வணிகர்களைப் பிடித்து அடைத்தார்கள், சரக்கைப் பறித்தார்கள். கல்லியானோவில் டைரோல் படை ஜெயிக்கவும் செய்தது, ஆனால் மேற்கொண்டு போரை நடத்தப் பணம் இல்லை. கடைசியில் சமாதானம் பேசி நஷ்டஈடும் கட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் பவேரியப் பிரபுக்களுக்கு நிலங்களைத் தள்ளிவிடப் பார்த்தபோது டைரோல் மக்கள் பிரதிநிதிகளின் சபை பொறுமை இழந்தது. அவரைச் சுற்றியிருந்த ஆலோசகர்களை விரட்டி, அவர் செலவுக்கே கடிவாளம் போட்டது. இந்த இடத்தில் எனக்கு அந்தச் சபைமீது பெரிய மரியாதை வருகிறது. அந்தச் சபையில் விவசாயிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

1490 மார்ச்சில் ஹாப்ஸ்பர்க் உறவினரும் ஜெர்மன் மன்னருமான மாக்ஸிமிலியனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். இரண்டு திருமணம் செய்தும் வாரிசு என்று சொல்லிக்கொள்ள முறையான பிள்ளை இல்லை. 1496-இல் இன்ஸ்ப்ருக்கில் இறந்தார். அதற்குள் மாக்ஸிமிலியனும் அதே ஃபுக்கரிடம் அதே ஷ்வாட்ஸ் வெள்ளியைக் காட்டிக் கடன் வாங்க ஆரம்பித்திருந்தார்.