சான்ரிகு கடலில் எட்டுப் பெட்டிகள்

செப்டம்பர் 5

காலையில் வடகிழக்கு ஜப்பானின் செண்டாய் துறைமுகத்திலிருந்து கிளம்பினோம். போன வருடம் ஜப்பான் அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்துக்கு மேற்கே போட்டுவிட்டு வந்த எட்டு ஓபிஎஸ்களை எடுத்து வர வேண்டும். ஓபிஎஸ் என்றால் கடலடி நிலநடுக்கமானி. மஞ்சள் கவசத்துக்குள் அரை மீட்டர் விட்டத்தில் ஒரு டைட்டானியக் கோளம், அதற்குள் உணர்கருவி, பதிவுக் கருவி, கடிகாரம், பேட்டரி. அடியில் இரும்பு எடை. கயிறோ கேபிளோ கிடையாது. போட்டால் தானாக மூழ்கும், கூப்பிட்டால் மேலே வர வேண்டும்.

செப்டம்பர் 6

முதல் பெட்டி. காலை 5:40க்குக் கூப்பிட்டோம். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர்தான் போகும். பெட்டி இருப்பது 5,300 மீட்டர் ஆழத்தில். சத்தம் கீழே போக மூன்றரை நொடி, பதில் திரும்ப மூன்றரை நொடி. அந்த ஏழு நொடியும் ஆய்வறையில் ஒருவரும் பேசவில்லை.

பதில் வந்தது. எடையைக் கழற்றச் சொல்லிக் கட்டளை அனுப்பினோம். ஒரு மெல்லிய உலோகத் தகட்டில் மின்சாரம் பாயும், கடல்நீர் சில நிமிடங்களில் அதை அரித்துவிடும். எடை அங்கேயே தங்கிவிட, பெட்டி மட்டும் கிளம்பும். திரையில் தூரம் 5,290, 5,230 என்று குறையத் தொடங்கியதும்தான் எல்லோரும் காபி குடிக்கப் போனார்கள்.

மேலே வர ஒன்றரை மணி நேரம். ஆரஞ்சுக் கொடியை முதலில் பார்த்தது சமையற்காரர். தளத்தில் இறக்கியதும் கோளத்தில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. அடியில் தண்ணீர் 2 டிகிரிக்கும் குறைவு. சட்டத்தின் இடுக்கில் அரைத்த மாவு போல வழவழப்பாகக் கொஞ்சம் சாம்பல் நிறச் சேறு.

கழுவுவது அப்புறம். முதல் வேலை கடிகாரம்தான். அத்தனை ஆழத்துக்கு ஜிபிஎஸ் எட்டாது. ஒரு வருடமாக அது தன் கணக்கிலேயே ஓடியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் 0.6 நொடி பின்தங்கியிருந்தது. பாறைக்குள் அலை நொடிக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும். இந்த 0.6ஐக் குறித்து வைக்காமல் விட்டால் நிலநடுக்கம் நடந்த இடமே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் முன்பே நின்றிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. அதனால்தான் எனக்கு இந்த அவசரம்.

செப்டம்பர் 7

மூன்று பெட்டிகள் வந்தன. எல்லாம் சரி.

செப்டம்பர் 8

தெற்கே எங்கோ புயல், இங்கே பெரிய அலை. வேலை இல்லை.

இந்தக் கடலில் சும்மா உட்கார்ந்தால் 2011 மார்ச் 11தான் நினைவுக்கு வருகிறது. பிற்பகல் 2:46க்கு நிலம் ஆடியது. மூன்று நிமிடத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்பதுதான் முதல் கணிப்பு, உண்மையில் அது 9.0. இந்தக் கரையோர மாகாணங்களான மியாகிக்கு 6 மீட்டர், இவாதேவுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். வந்தது அதைவிட மிக உயரம். நிலநடுக்கமானிகள் பெரும்பாலும் கரையில், அதாவது ஒரே பக்கத்தில் இருந்தன. கடலடியில் கொஞ்சம்தான். இவாதேயின் கமாயிஷி ஊருக்கு வெளியே கடலடியில் ஒரு கேபிளில் இருந்த அழுத்தமானியில் நீர்மட்டம் முதலில் மெதுவாக 2 மீட்டர் ஏறியது, பிறகு இரண்டே நிமிடத்தில் மேலும் 3 மீட்டர். அரை மணி நேரத்தில் அந்தக் கேபிளின் கரை நிலையத்தையே சுனாமி அடித்துக்கொண்டு போனது. மியாகிக்கு எதிரே கடலடியில் ஒரு அளவுப்புள்ளி 24 மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்ததைக் கடலோரக் காவல் துறை பின்னர் அளந்து சொன்னது.

இன்று போசோ முதல் ஹொக்கைடோ வரை எஸ்-நெட் என்ற கடலடிக் கண்காணிப்பு வலை இருக்கிறது. 150 கருவிகள், சுமார் 5,500 கிலோமீட்டர் கேபிள். நிலநடுக்கத்தை முன்பைவிட 30 நொடி வரை, சுனாமியை 20 நிமிடம் வரை முன்னதாகக் கண்டறிய முடியும். 20 நிமிடத்தில் ஒரு பள்ளிக்கூடமே மேட்டுக்கு ஏறிவிடலாம். பிறகு எங்கள் பெட்டிகள் எதற்கு? கேபிள் போட்ட இடத்தில்தான் கிடக்கும். சந்தேகம் உள்ள இடத்தில் நெருக்கமாகக் கருவி வைத்துக் கேட்க, தூக்கிப் போடுகிற பெட்டிதான் வேண்டும்.

சாயங்காலம் முதல் பெட்டியின் பதிவைத் திறந்தேன். ஜனவரியில் ஒரு இரவு முழுக்க 20 ஹெர்ட்ஸில் ஒரே சீரான துடிப்பு. துடுப்புத் திமிங்கிலம். அதன் இடைவெளிகளில் யாரும் உணராத சின்னச் சின்ன நடுக்கங்கள். சாப்பாட்டு மணி அடித்ததே தெரியவில்லை.

செப்டம்பர் 9

ஐந்தாவது வந்தது. ஆறாவது பதில் சொன்னது, கட்டளையை வாங்கியது, ஆனால் கிளம்பவில்லை. தூரம் 5,412. இருபது நிமிடம் கழித்தும் 5,412. தகடு அரிக்கவில்லையா, சேற்றில் புதைந்துவிட்டதா, மேலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. மூன்று மணி நேரத்தில் ஒன்பது முறை கட்டளை அனுப்பினோம். அகழிக்கு மிக அருகில் இருந்த பெட்டி இதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செப்டம்பர் 10

ஏழும் எட்டும் மதியத்துக்குள் ஏறிவிட்டன. மிச்சமிருந்த நேரத்தில் ஆறாவது இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று சென்செய்யிடம், அதாவது எங்கள் பேராசிரியரிடம், கேட்டேன். நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தே கேப்டனிடம் பேசி வைத்திருக்கிறார்.

இரவு 9:15க்குக் கூப்பிட்டோம். வெளிச்சம் தெரிந்தால் சொல்ல மேல்தளத்தில் நான்கு பேர் நின்றார்கள். ஏழு நொடி. பதில் வந்தது.

5,412.

இடத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதினேன். அடுத்த வசந்தத்தில் இந்தப் பக்கம் ஒரு கப்பல் வருகிறது. அதுவரை பதில் சொல்ல அதன் பேட்டரி தாங்கும்.