கடிபட்ட இலைகளின் தோட்டம்: பொங்கோல் பூங்காப் பாத்தியில் 18 மாதம்

சிங்கப்பூரில், பொங்கோல் பூங்காவில் எனக்குக் குலுக்கலில் கிடைத்த வாடகைப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி வாடகை, மூன்றாண்டுக் குத்தகை. அதில் பாதி ஓடிவிட்டது. பறவையும் பூச்சியும் வந்து தங்குகிற மாதிரி ஒரு தோட்டம் போட்டு அதைப் படமெடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன், இதுவரை நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் மனத்தில் இருந்தது இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளின் முன்னால் இருக்கும் காட்டேஜ் தோட்டம். பூவும் காயும் மூலிகையும் வரிசை பார்க்காமல் நெருக்கியடித்து நிற்கும், விழுந்த விதை விழுந்த இடத்தில் முளைக்கும், மண்ணே கண்ணில் படாது. லாவெண்டரும் டெல்ஃபினியமும் வாங்கி வைத்தேன். டெல்ஃபினியம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, லாவெண்டர் டிசம்பர் மழையில் வேர் அழுகிப் போனது. அந்த மாதிரிக் குளிர்நாட்டுச் செடிகளைக் கரையோரப் பூந்தோட்டங்களில் ஃபிளவர் டோம் என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 23 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டி வளர்க்கிறார்கள், நான் வெட்டவெளியில் வைத்தால் எப்படி நிற்கும்?

சரி, செடி நம் ஊர்ச் செடியாக இருக்கட்டும், நடும் முறையை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று தோன்றியது. தேக்காவில் கோழிக்கொண்டை, காசித்தும்பை, கத்தரி விதை வாங்கினேன். வெட்சி, துளசி, காஸ்மோஸ், ஓரத்தில் சீமை நாயுருவி. நான்கு மாதத்தில் எல்லாம் தோளோடு தோள் உரசி நின்றன. அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இது நம்ம ஊர் வீட்டுக் கொல்லை மாதிரியே இருக்கு" என்றார். அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஆனால் வந்து தேன் குடித்துவிட்டு அரை நிமிடத்தில் போய்விடும். படமெல்லாம் மங்கல், இல்லையென்றால் பாதிச் சிறகு. திருப்பம் பாத்தியில் இல்லை, ஹவ்காங் வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் வந்தது. "இங்க பாரு, எல்லாக் கொழுந்தையும் ஏதோ தின்னுருச்சு, ரசத்துக்குத் தாளிக்க ஒரு இணுக்குகூட இல்ல" என்று அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவைக்கோல் மாதிரி ஓர் உறுப்பை நீட்டியது, ஒரு நாற்றம் வேறு. இங்கே எல்லோரும் காமன் மோர்மன் என்று சொல்லும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. தமிழ்நாட்டில் அதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு பொருத்தம்!

பூவை மட்டும் நட்டால் பூச்சி விருந்தாளி மாதிரி வந்து போகும், முட்டையிட இலை இருந்தால்தான் அதன் வாழ்க்கை முழுவதும் நம்மிடத்தில் நடக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இலையும் எந்த இலையாவது இருந்தால் போதாது, ஒவ்வோர் இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து ஒரு சில செடிதான். அடுத்த வாரமே பாத்தியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஓர் எலுமிச்சைக் கன்றும் நட்டேன். சமையலுக்கு ஒரு தொட்டி, புழுவுக்கு ஒரு தொட்டி என்று அம்மாவோடு வீட்டில் ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று.

எருக்கு நடுவதுதான் கஷ்டமாக இருந்தது. "எருக்கை வீட்டுல வைக்கக் கூடாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால் அது பாத்திக்குப் போனது, அடிக்கடி வெட்டிக் குட்டையாகவே வைத்திருக்கிறேன். வெட்டும்போது கண்ணில் பால் தெறிக்காமல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிட்டது. கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்டு, மஞ்சள் புள்ளி வைத்து, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளோடு அந்தப் புழுக்கள் எருக்கிலையை ஓட்டை ஓட்டையாக்கிய படம்தான் இதுவரை நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது.

பக்கத்துப் பாத்தியில் கங்கோங் கீரை போடும் சீன அங்கிளுக்கு இது கவலையாகிவிட்டது. புழு அவர் பக்கம் வந்துவிடும் என்று பயந்தார், அவர் அடிக்கும் மருந்து காற்றில் என் பக்கம் வந்துவிடும் என்று நான் பயந்தேன். எருக்குப் புழு கங்கோங்கைத் தொடாது, பட்டினி கிடந்து செத்தாலும் சாகும் என்று கைப்பேசியில் படங்களைக் காட்டிச் சொன்னேன். இப்போது காலையில் எனக்கு முன்னால் வந்தால் அவரே இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை கூட்டுப்புழு என்று விரலைக் காட்டுகிறார்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும், துடைக்கத் துடைக்கப் படியும். நான் முதல்நாள் இரவே பையில் போட்டுக் கூடத்தில் வைத்துவிடுகிறேன். ஏழு மணியை ஒட்டி விடிகிறது, ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வெயில் தலைக்கு மேலே ஏறி நிழலெல்லாம் கறுத்துப்போகும், பூச்சியும் சூடேறி நிற்காது. மூடிய சிறகுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால் லென்ஸ் துவாரத்தை எஃப் 8 வைத்தாலே சிறகு முழுவதும் கூர்மையாக வரும். எல்லாவற்றையும்விட நல்ல வாய்ப்பு, கூட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பூச்சி. சிறகு காயும் வரை தொங்கிக்கொண்டே இருக்கும், அவசரப்படாமல் எடுக்கலாம். கத்தரிப் பூவுக்கு வரும் நீலவரித் தேனீ இதற்கு நேர்மாறு. பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும், ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தும் பத்தில் ஒன்றுதான் தேறுகிறது. ஆனால் அது வர ஆரம்பித்தபின் காய் நன்றாகப் பிடிக்கிறது.

பறவைக்குத் தண்ணீர்த் தட்டு வைக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன், டெங்கி இருக்கும் ஊரில் தேங்கும் நீர் கூடவே கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் இல்லை, காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவதற்கு 2020இலிருந்து இங்கே தடை இருக்கிறது. காலையில் செடிக்குத் தண்ணீர் தெளித்தால் தேன்சிட்டு வந்து ஈர இலையில் புரண்டு குளித்துக்கொள்கிறது, அதுவே போதும்.

தேன்சிட்டு என்றதும் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று உண்டு. சென்ற மார்ச்சில் எங்கள் தாழ்வாரத்தில் தொங்கும் மணி பிளான்ட்டில் பெண்சிட்டு கூடு கட்டியது. காய்ந்த புல், நார், சிலந்தி நூல் எல்லாம் வைத்துப் பின்னிய பை மாதிரிக் கூடு, பக்கத்தில் வாசல். இரண்டு முட்டை. ஜன்னலுக்குள்ளிருந்து எடுத்தேன், ஃபிளாஷ் போடவில்லை, அதுவரை சரி. ஆனால் வாசலுக்கு முன்னால் ஓர் இலை மறைத்துக்கொண்டிருந்தது. படம் சுத்தமாக வரட்டுமே என்று அந்த ஒரே இலையைக் கிள்ளினேன். இரண்டு நாளில் காகம் கூட்டைக் கண்டுபிடித்துக் கிழித்துப் போட்டது. இலை போனதால்தான் என்று நிரூபிக்க முடியாது, ஆனாலும் என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. அம்மா அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை, அழிக்கவும் இல்லை. ஆகஸ்டில் அதே கொடியில் மறுபடி கட்டியபோது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பால்காரன் கணக்கு மாதிரிக் காலண்டரில் நாளை மட்டும் குறித்துக்கொண்டு வந்தோம். இரண்டு குஞ்சும் பறந்தன. படம் ஒன்றும் இல்லை.

அதிலிருந்து பாத்தியிலும் எதையும் ஒதுக்கிவிட்டுப் படமெடுப்பதில்லை. குறுக்கே இலை வந்தால் நான்தான் நகர்கிறேன், முடியாவிட்டால் அந்த இலையும் படத்தில் இருக்கட்டும்.

இப்போது நடப்பது காமன் ரோஸுக்கான காத்திருப்பு. 2015இல் வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வானது அது. ஆடுதீண்டாப்பாளை இனத்துக் கொடிகளில்தான் முட்டையிடும், அந்த இலையின் நஞ்சைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கொடியின் ஒரு துண்டு நண்பர் கொடுத்தார், மூங்கில் குச்சியில் ஏற்றிவிட்டேன், மூன்று மாதமாக ஓர் இலையிலும் கடி இல்லை.

போன சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கறுப்புச் சிறகும் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளுமாக ஒன்று பாத்திமேல் வட்டமிட்டது. கை நடுங்க நாற்பது படம் எடுத்தேன். அங்கிளும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து நின்றார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் உடம்பு கறுப்பு. காமன் ரோஸுக்கு உடம்பு சிவப்பாக இருக்கும். இது அதைப் போல வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகியின் பெண், நஞ்சில்லாத பூச்சி நஞ்சுள்ளதன் உடையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. கொடியை ஒருமுறை சுற்றிவிட்டு நேராக எலுமிச்சைக் கன்றுக்குப் போய், கொழுந்து கொழுந்தாகத் தொட்டு ஐந்து முட்டை வைத்தது. இன்று காலை போய்ப் பார்த்தபோது அதில் நான்கு பொரித்திருந்தன.